கார் ஸ்டிக்கர் உரிப்பியல்: ஒரு முன்னுரை

சென்னையில் உரிப்பியல் துறையின் பொற்காலம் 2024 ஏப்ரல் 27-இல் தொடங்கியது. தனியார் வண்டிகளில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘அட்வகேட்’ வகையறா ஸ்டிக்கர்கள் இருந்தால் மே 2 முதல் அபராதம் என்று போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது அன்றுதான். முதல் தடவைக்கு 500 ரூபாய். பல வருஷக் கௌரவத்தைச் சுரண்டியெடுக்க அந்த அவகாசம் போதாது என்பது நகம் தேய்ந்தவர்களுக்குத் தெரியும்.

துறையின் மூலச் சிக்கல் எளியது: ஸ்டிக்கர் வரும், பசை வராது. வெயிலில் கிடந்த வினைல் மொறமொறத்துப்போய்ப் பொருக்குப் பொருக்காகத்தான் பெயரும். அடியிலிருக்கும் பசையோ பாதி திரவம், பாதி ரப்பர். வெடுக்கென்று இழுத்தால் விறைத்துக்கொள்ளும். சூடு காட்டினால் இளகும்.

இதில் மூன்று மரபுகள் உண்டு. நகவாதிகள் ஆதி மரபினர். அவர்களிடம் ஆர்வம் அதிகம், விளைச்சல் குறைவு. வெப்பவாதிகள் வீட்டம்மாவின் ஹேர் டிரையரைக் கேட்காமல் எடுத்துவந்து, ஓரம் தூக்கிக்கொண்டதும் படுக்கைவாட்டில் மெல்ல உரிப்பவர்கள். எண்ணெய்வாதிகள் எஞ்சிய பிசுபிசுப்பின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, துணியால் துடைத்து, கடைசியில் சோப்புத் தண்ணீர் போடுகிறார்கள். பொறுமையற்ற கிளைப் பிரிவினர் மண்ணெண்ணெய்க்குப் போவார்கள். தின்னரைக் கையிலெடுப்பவர்களை எந்த மரபிலும் சேர்ப்பதற்கில்லை. பட்டறையில் மறுபெயின்ட் அடித்த கதவாக இருந்தால் பசையோடு பெயின்டும் கரைந்துவிடும். பிளேடு கண்ணாடிக்கு மட்டும். அதிலும் பின்கண்ணாடியின் உட்புறம் பனி நீக்கும் கம்பிக் கோடுகள் ஓடினால் அங்கே பிளேடு வைப்பது அடாது.

பெயின்டைப் பிய்க்காமல் உரிக்க வேண்டும் என்ற கவலை அமெரிக்காவில் நூறாண்டுப் பழசு. இரட்டை நிறக் கார்கள் மோஸ்தராக இருந்த 1920-களில், பெயின்டர்கள் ஒட்டிய நாடா புதுப் பெயின்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது. செயின்ட் பால் நகரப் பட்டறை ஒன்றில் அவர்கள் திட்டுவதைக் கேட்ட 3எம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, 1925-இல் மாஸ்கிங் டேப் செய்தார். உரிப்பதற்கென்றே பிறந்த ஒட்டு அது.

இறுதியாக, தடய உரிப்பியல். எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டிய ஸ்டிக்கரைக் கறையில்லாமல் எடுத்தாலும், சுற்றிலும் வெளிறிப்போன சிவப்பு பெயின்டுக்கு நடுவே ‘அட்வகேட்’ புத்தம் புதிதாகப் பளிச்சிடும். பாலிஷ் போட்டால் ஓரளவு மங்கும், அவ்வளவுதான். ஸ்டிக்கரே இல்லாத இந்த ஸ்டிக்கருக்கு 500 ரூபாய் பொருந்துமா என்பதை வண்டிக்காரரே கோர்ட்டில் வாதாடிக்கொள்ளலாம்.