ஒரு சிலந்தியும் ஒரு சிவப்பு டாங்கரும்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு சிவப்பு டாங்கரைப் பற்றி ஏழெட்டு வரி எழுதிவிட்டேன். இந்த வயதிலும் பொம்மைக் கார் சேர்ப்பவன் என்பது அதோடு வெளியே வந்துவிட்டது. அதன் பிறகு வரும் கடிதங்களில் அரசியல் கேள்விகள் பாதியாகக் குறைந்துவிட்டன. ஆசிரியர் நிம்மதியாகத் தூங்குகிறார். அச்சில் போடக்கூடிய கடிதங்கள் கீழே.

என் கணவருக்கு 61 வயது. வாரா வாரம் பாசார் மாலத்துக்குக் கீரை வாங்கப் போகிறவர், கீரையை மறந்துவிட்டுப் பொம்மைக் காரோடு வருகிறார். யாரிடம் காட்டுவது? (வாசகி, ரந்தாவ்)

டாக்டரிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள் அம்மா. எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் மேசை இழுப்பறையில், மருந்துச் சீட்டுக்கு அடியில், பதினொரு கார் வைத்திருக்கிறார். இருவரும் சேர்ந்துவிட்டால் உங்கள் வீட்டுக்குக் கீரை மட்டுமல்ல, மீனும் வந்து சேராது. ஒரு ரகசியம் சொல்கிறேன்: இந்த வியாதிக்காரர்கள் வீட்டில் சொல்லும் விலையைப் பத்தால் பெருக்கினால் வாங்கிய விலை வரும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உங்கள் முதல் கார் எந்தக் கம்பெனி? (வாசகர், சிலியாவ்)

கம்பெனி பெயர் நினைவில்லை. மேலே மீன் படம் போட்டிருந்தது.

முட்டை வடிவச் சாடின் டின். பக்கத்துக்கு இரண்டாக ஆணியால் நான்கு ஓட்டை, குறுக்கே இரண்டு ஈர்க்கு, நான்கு முனையிலும் ஜப்பான் சிலிப்பரை வட்டமாக வெட்டிச் செருகினால் சக்கரம். சிலிப்பர் தேய்ந்து அப்பா தூக்கிப் போடும்வரை காத்திருக்க வேண்டும் என்பது தோட்டத்து விதி. எனக்குப் பொறுமை இல்லை. இடது கால் சிலிப்பரை வெட்டினேன். வலது கால் சிலிப்பரை முதுகில் வாங்கினேன்.

சரக்கு கித்தாக் கொட்டை. எஞ்சின் என் வாய். மேட்டில் கியர் மாற்றும்போது எச்சில் தெறிக்க வேண்டும், இல்லாவிட்டால் லாரி ஏறாது. என் அண்ணன் பால் டின்னில் மண்ணை அடைத்து, கம்பி மாட்டி, ரோடு ரோலர் செய்தான். லண்டனில் லெஸ்னி கம்பெனி 1953-இல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் வரிசையில் முதல் எண் வாங்கியதும் ஒரு ரோடு ரோலர்தான் என்று அண்மையில் அவனிடம் சொன்னேன். வக்கீலைப் பார்க்கலாமா என்று கேட்கிறான்.

கிராணிமார் ஓட்டிய மோரிஸ் மைனரை லெஸ்னி 1958-இல் 46-ஆம் எண்ணாக விட்டது. இன்றும் தேடினால் கிடைக்கிறது. என்னிடமே ஒன்று இருக்கிறது. 1964 மாடல் சாடின் டின் லாரி உலகத்தின் எந்த ஏலத்திலும் இல்லை. அத்தனையும் துருப்பிடித்து, மழைக்கால வாய்க்காலோடு போய்விட்டன. அபூர்வத்துக்குத்தான் விலை என்பது உண்மையானால், எங்கள் லயத்து வாசலில் கால்சட்டை கிழிந்த கோடீசுவரர்கள் முப்பது பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

காருக்குத் தீப்பெட்டி என்று பெயர் வைத்த புண்ணியவான் யார்? (மாணவி, போர்ட்டிக்சன்)

லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்று இரண்டு நண்பர்கள். உறவு ஒன்றும் இல்லை. நம் ஊர் முனியாண்டிகள் மாதிரி பெயர்தான் ஒன்று. 1947-இல் இருவர் பெயரிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி ஒட்டி லெஸ்னி என்று கம்பெனி தொடங்கினார்கள். கூட வந்து சேர்ந்தவர் ஜாக் ஓடல் என்ற எந்திரக் கலைஞர். அவர் மகள் படித்த பள்ளியில் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மை மட்டுமே கொண்டு வரலாம் என்று சட்டம். (அந்தப் பெண் அதுவரை பெட்டிக்குள் என்ன கொண்டு போனாள் என்று ஒரு கதை உண்டு, பூச்சிக்குப் பயந்தவர்கள் படிக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.) அப்பா பித்தளையில் குட்டியாக ஒரு ரோடு ரோலர் செய்து பெட்டியில் போட்டு அனுப்பினார். வகுப்பே கேட்டது. பிறகு உலகமே கேட்டது.

இங்கேயும் தீப்பெட்டி இருந்தது. தமிழ்நாட்டுப் பையன்கள் அதில் பொன்வண்டு வளர்த்தார்கள், நாங்கள் சண்டைச் சிலந்தி வளர்த்தோம். காலிப் பெட்டிகளை நூலில் கோத்தால் ரயில். அவர்கள் தீப்பெட்டிக்குள் வண்டியை வைத்தார்கள்; நாங்கள் தீப்பெட்டியையே வண்டியாக்கிவிட்டோம். வியாபாரம் மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

லுக்குட் ஈயத்துக்குப் பேர் போன ஊராயிற்றே. இந்தக் கார்களில் நம்மூர் ஈயம் இருக்குமா? (வாசகர், லுக்குட்)

ஊர்ப்பற்று வாழ்க. ராஜா ஜுமாஆட் 1847-இல் நம் குன்றின்மேல் கோட்டை கட்டியது ஈய லம்பத்து வருமானத்தை வைத்துத்தான். அந்த வருமானம் போன பிறகு, 1880-இல் சிலாங்கூரிடமிருந்து லுக்குட்டே கைமாறி சுங்கை ஊஜோங்கோடு சேர்ந்தது. ஊரையே ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டவர்கள் இருக்க, நாங்கள் பொம்மைக் காரை மாற்றிக்கொள்வதில் என்ன தப்பு?

கேள்விக்கு வருகிறேன். இல்லை. இவை துத்தநாகம். நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியம், சிட்டிகை செம்பும் மக்னீசியமும் சேர்த்து உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். இதில் காரீயம் கலந்துவிட்டால் வினை. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து இருபது வருடம் கழித்துப் பெயின்ட் வெடிக்கும், உடம்பு புடைக்கும், ஒருநாள் அரிசி மாவு உருண்டை போல விரலில் பொடிந்து விழும். லிவர்பூலில் செய்த டிங்கி கார்களில், இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை பல இப்படித்தான் போயின. மருந்து கிடையாது. மிகப் பழைய டிங்கியை யாராவது சல்லிசாகக் கொடுத்தால் முதலில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

பழையது என்று ஏமாற்றுகிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், சிரம்பான்)

மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பது போல, காருக்கு அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். 'இங்கிலாந்தில் லெஸ்னி செய்தது' என்று இருந்தால் 1982-க்கு முந்தியது. அந்த வருடம் கம்பெனி நொடித்து ஹாங்காங் முதலாளி கைக்குப் போயிற்று. சக்கரமும் பேசும். 1968-இல் அமெரிக்காவின் மேட்டல் பதினாறு கார்களோடு ஹாட் வீல்ஸை இறக்கியது. மெல்லிய அச்சில் வழுக்கிக்கொண்டு ஓடும் சக்கரம். மேட்ச்பாக்ஸ் பதறிப்போய் 1969-இல் சூப்பர்ஃபாஸ்ட் என்று தானும் சக்கரத்தை மாற்றியது. அதற்கு முந்திய தடித்த சக்கரம் தள்ளினால் முக்கும். முக்கினால் மதிப்பு. மனிதர்களுக்கு இந்த விதி பொருந்தாது.

ஹாட் வீல்ஸின் அடியில் ஒரு வருடம் போட்டிருப்பார்கள். 1983 என்று இருந்தால் 1983-இல் செய்தது என்று உங்களை நம்ப வைத்து ஐம்பது வெள்ளி கறந்துவிடுவார்கள். அது அந்த வடிவத்துக்கு உரிமை பெற்ற வருடம். கார் போன வருடம் செய்ததாகக்கூட இருக்கலாம்.

அதே அடிவயிற்றில் 'மலேசியா' என்றும் இருக்கும். பினாங்கு மாநிலத்துப் பிறையில் மேட்டலுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. கலிபோர்னியாக்காரனும் கனடாக்காரனும் காரைக் கவிழ்த்துக் கவிழ்த்து நம் நாட்டுப் பெயரைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் மட்டும் அதை இறக்குமதிச் சாமான் என்று நினைத்துக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறோம்.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால்தான் விலை என்கிறார்களே? (வாசகர், ஈப்போ)

உண்மைதான். காருக்குச் சமமாகச் சில வேளை பெட்டிக்கே விலை. ஆனால் 1960-இல் பொம்மை கிடைத்தும் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்த பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை என்று யோசித்தால் எனக்குச் சற்றுப் பயமாக இருக்கிறது. பிற்காலத்தில் கணக்காய்வாளராகியிருப்பான்.

பெயின்ட் போன காருக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாமா? (வாசகர், சிரம்பான்)

தலைக்கு அடித்துக்கொள்ளுங்கள். காரை விட்டுவிடுங்கள்.

ஜேம்ஸ் பாண்ட் காரைப் பற்றி ஒரு வரி? (வாசகர், கோலாலம்பூர்)

கார்கி கம்பெனி 1965-இல் விட்ட ஆஸ்டன் மார்ட்டின். பொத்தானைத் தட்டினால் கூரை திறந்து, பக்கத்து இருக்கை ஆள் ஆகாயத்தில் பறப்பான். அந்த ஆள் இல்லாமல்தான் பெரும்பாலான கார்கள் இன்று கிடைக்கின்றன. எல்லாச் சின்ன ஆட்களும் எந்தெந்த வீட்டு சோபாவுக்கு அடியில் இருக்கிறார்களோ. படத்தில் கார் வெள்ளி நிறம். வெள்ளி அடித்தால் பெயின்ட் அடிக்காத தகரம் போல் தெரிகிறதே என்று பொம்மைக்குத் தங்க நிறம் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நம் வீட்டுப் பாட்டி யாரோ இருந்திருக்க வேண்டும்.

இருப்பதிலேயே விலை கூடிய பொம்மைக் கார் எது? (கல்லூரி மாணவர், நீலாய்)

ஹாட் வீல்ஸ் 1969-இல் சோதனைக்குச் செய்து பார்த்த ஃபோக்ஸ்வேகன் வேன். பின் சன்னல் வழியாக இரண்டு அலைச்சறுக்குப் பலகை நீட்டிக்கொண்டிருக்கும். உடம்பு ஒல்லி, தலைக்கனம். தண்டவாளத்தில் விட்டால் கவிழ்ந்தது. தோல்வி என்று ஒதுக்கி, அகலமாக்கி, பலகையைப் பக்கவாட்டுக்கு மாற்றிப் புதிதாகச் செய்தார்கள். ஒதுக்கியதில் மிஞ்சிய இளஞ்சிவப்பு வண்டிக்கு இன்று ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் மதிப்புச் சொல்கிறார்கள். பரீட்சை முடிவு வந்திருக்கும் நேரத்தில் இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறீர்கள். அப்பாவிடம் காட்டிப் பாருங்கள். கேட்பார் என்று உறுதி கூற முடியாது.

தோட்டத்துப் பிள்ளைக்கு ஏது மேட்ச்பாக்ஸ் கார்? விளையாடாத பொம்மைக்கு என்ன பழைய நினைவு? சிலந்தியைக் கொடுத்து ஒரு மாலை ஓட்டியதாகப் போன மாதம் எழுதினீர். இது இரவல் ஏக்கம் அல்லவா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சுவா பெத்தோங்)

ஐயா, பிரம்பை இன்னும் கீழே வைக்கவில்லை போல. இரவல்தான். போன மாதம் இடமில்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

1966. பெரிய கிராணியின் மகனுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் காலையில் வேனில் ஏறிப் போர்ட்டிக்சன் ஆங்கிலப் பள்ளிக்குப் போவான். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு நடந்து போவேன். சாயந்திரம் இருவருக்கும் ஒரே மைதானம். அவனிடம் இருந்தது லெஸ்னியின் 11-ஆம் எண்: சிவப்புப் பெட்ரோல் டாங்கர், மேலே எஸ்ஸோ எழுத்து. போர்ட்டிக்சனில் ஷெல்லும் எஸ்ஸோவும் எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கியிருந்த காலம். நிஜ டாங்கர் போவதைப் பார்க்கவே தோட்டத்து முச்சந்தியில் கால்கடுக்க நிற்போம். அப்படிப்பட்ட வண்டி ஒருவனுடைய கால்சட்டைப் பையிலிருந்து வெளியே வருகிறது!

என்னிடம் இருந்த சொத்து ஒன்றுதான். இலை மடிப்புக்குள்ளிருந்து பிடித்து, தீப்பெட்டியில் வளர்த்து, ஏழு சண்டையில் தோற்காத சிலந்தி. பேச்சு இதுதான்: சிலந்தி அவனுக்கு நிரந்தரம். டாங்கர் எனக்கு லயத்து விளக்கு எரியும்வரை.

கையில் வாங்கியதும் முதலில் பட்டது கனம். சாடின் டின் இழுத்த கைக்கு, கட்டைவிரல் அளவுச் சாமானில் அவ்வளவு கனம் எங்கே இருக்கிறது என்று புரியவில்லை. அடுத்து அதன் குளிர்ச்சி. மரப்பாலத்துக் கட்டைமேல் ஓட்டினேன். வாயால் எஞ்சின் போட மறந்துவிட்டேன் என்பது பாதி தூரம் போன பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் ஓட்டினேனோ, விளக்கு எரிவதற்கு முன்பே அவன் அம்மா கூப்பிட்டுவிட்டார். பிடுங்கிக்கொண்டு ஓடினான். அவன் தீப்பெட்டிக் காரைக் காட்டினான். நான் தீப்பெட்டியையே கொடுத்துவிட்டு நின்றேன்.

அந்த மைதானம் இப்போது தாமான். கித்தா போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய், வீட்டுக்கு இரண்டு நிஜக் கார் நிற்கிறது. என் அலமாரியில் 11-ஆம் எண் டாங்கர் மூன்று இருக்கின்றன. ஒன்று இங்கிலாந்திலிருந்து பெட்டியோடு வரவழைத்தது. மூன்றும் கனம் போதவில்லை, ஐயா.

நான் பெண். சின்ன வயதில் எனக்குச் சொப்புச் சாமானும் தம்பிக்குக் காரும் வாங்கினார்கள். இப்போது நானே கார் வாங்குகிறேன். சிரிக்கிறார்கள். (வாசகி, ரெம்பாவ்)

தம்பியும் சிரிக்கிறாரா? அவருடைய பழைய கார்களை முதலில் கைப்பற்றுங்கள். பிறகு எல்லோரும் சிரிக்கட்டும்.

ஐயா, போன மாதம் எழுதிய சிவப்பு டாங்கர் போலவே ஒன்று என்னிடம் இருக்கிறது. பின் சக்கரம் ஒன்று இல்லை. எஸ்ஸோ எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. என் தந்தை லுக்குட் பக்கம் பெரிய கிராணியாக இருந்தவர். விற்றால் என்ன விலை போகும்? பி.கு.: சிலந்தி மறுநாளே செத்துவிட்டது. (வாசகர், கிள்ளான்)

மதிப்பிற்குரிய வாசகருக்கு, பெட்டி இல்லாத, சக்கரம் இழந்த, எழுத்து தேய்ந்த டாங்கருக்குச் சந்தையில் சொல்லிக்கொள்ளும்படி விலை இல்லை. மேலும் உங்களுடையது வில்லங்கச் சொத்து. தாங்கள் அதைப் பிறருக்கு விற்க முடியாது.

டேய், லயத்து விளக்கு எரியும்வரை என்றுதானே பேச்சு? அரைமணி நேரம் பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எடுத்துக்கொண்டு வா. விளக்கு சுவிட்ச் என் பக்கம்தான் இருக்கும்.