இன்னும் நாலு சட்டி

வீட்டுத் தோட்டத்துக்குச் செம்மண் அடிப்பவர்களில் ஒருவர் எந்த ஊரிலும் உண்டு. குட்டி யானை வண்டியின் பின்கதவுப் பக்கம், மடித்துக் கட்டிய கைலியோடு, இடுப்பில் கை வைத்து நிற்பார். ஏறுகிற மண்ணைக் கல்யாணப் பந்தியை மேற்பார்வை பார்க்கும் பெண் வீட்டுப் பெரியவர்போலப் பார்ப்பார். ஓட்டுநர் “போதும் சார்” என்று சொல்லும் நேரம் பார்த்து, “இன்னும் நாலு சட்டி போடலாமே தம்பி, இடம் இருக்குல்ல” என்பார். டயரைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்து, அது சரியாக இருப்பதாகத் தீர்ப்பும் சொல்லிவிடுவார். இவரைக் கஞ்சன் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மண் அள்ளும் ஆட்களுக்கெல்லாம் டீயும் வடையும் வாங்கிக் கொடுப்பவர் கஞ்சனாக இருக்க முடியாது. அவருடைய கோளாறு கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. பாரம் என்பது இடத்தைப் பொறுத்தது என்று அந்தக் கண் நம்புகிறது. அவர் சொன்ன வாக்கியத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது: “இடம் இருக்குல்ல.” எடை எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை.

வைக்கோல், மெத்தை, காலி அட்டைப் பெட்டி போன்றவற்றுக்கு இந்தக் கண் சரியாகத்தான் வேலை செய்யும். இடம் தீரும்போது ஏற்றுவதும் நின்றுவிடும், வண்டிக்கு ஒரு கேடும் வராது. மண் அப்படிப்பட்ட சரக்கு அல்ல. 2005-இல் டாட்டா ஏஸ் என்ற பெயரில் வந்து நம் ஊரில் குட்டி யானை ஆகிவிட்ட அந்த வண்டியின் தொட்டியை அளந்தால் விஷயம் புரியும். ஏழடிக்குச் சற்று மேல் நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக அகலம், ஓரடி உயரம். விளிம்புக்குச் சமமாக நிரப்பினால் சுமார் 35 கன அடி, அதாவது ஏறக்குறைய ஒரு கன மீட்டர். உதிரி மண் ஒரு கன மீட்டர் காய்ந்த நிலையிலேயே 1,200, 1,300 கிலோ வரும். வண்டிக்குச் சொல்லப்பட்ட பாரமோ சுமார் 750 கிலோ. ஓரடிப் பக்கப் பலகையில் ஏழு அங்குலம் மண் ஏறியதும் வண்டி நியாயமாகக் கிளம்பிவிட வேண்டும் என்று அர்த்தம். ஏழு அங்குல மண்ணோடு போகும் வண்டி நம்மவர் கண்ணுக்குப் பாதி இலை காலியாக இருக்கும் சாப்பாடுபோலத் தெரியும். காசு கொடுத்தவனை அவமதிப்பதாகவே அதை எடுத்துக்கொள்வார். போதாக்குறைக்கு ஜேசிபி வேறு வந்துவிட்டது. அதன் முன்பக்கப் பக்கெட் ஒரு கன மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாகவே கொள்ளும். “ஒரே ஒரு பக்கெட்தானே” என்று கேட்கும்போது ஏதோ வாளித் தண்ணீர்போல இருக்கிறது. கொட்டி முடித்த அந்த நொடியில் குட்டி யானை தன் சுமையில் ஒன்றரை மடங்கைத் தாண்டியிருக்கும். அதற்குப் பிறகு வருகிற நாலு சட்டி, மேலே கட்டுகிற கோபுரத்தின் கலசம் மட்டுமே.

கோபுரம் கட்டுவதற்கும் அவரிடம் ஒரு நியாயம் இருக்கிறது. மண்ணை வாங்குவது விற்பதெல்லாம் யூனிட் கணக்கில், ஒரு யூனிட் 100 கன அடி. குட்டி யானையில் “அரை யூனிட் வரும்” என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். 35-ஐ 50 ஆக்க வேண்டுமானால் கோபுரத்தைத் தவிர வேறு வழி கிடையாது. அந்தக் கோபுரமும் வீடு வந்து சேர்வதற்குள் தணிந்துவிடுகிறது. வெட்டியெடுத்த மண் உப்பித் தளர்ந்திருக்கும், பத்து வேகத்தடையில் குலுங்கினால் படிந்துவிடும். ஏற்றும்போது தலைக்கு மேல் நின்றது இறங்கும்போது மார்பளவாகிவிட, வழியில் யார் வீட்டிலோ ரெண்டு சட்டி இறங்கிவிட்டது என்று அவர் மனசுக்குள் ஒரு வழக்கே நடக்கும். அடுத்த நடைக்கு இன்னும் உயரமாக ஏற்றச் சொல்வது அந்த வழக்கின் தீர்ப்பு. அளவில் குறைந்தது எடையில் ஒரு கிலோகூடக் குறையவில்லை என்பது அந்த நீதிமன்றத்தில் எடுபடாது. மழை பெய்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 100 கிலோ மண்ணுக்கு 15 கிலோ தண்ணீர் சேர்ந்தாலே 1,200 கிலோ 1,380 ஆகிவிடும். கண்ணுக்கோ அதே குவியல்தான், நிறம் மட்டும் சற்றுக் கறுத்து “நல்ல சத்துள்ள மண்” ஆகிவிடுகிறது.

“வண்டிதான் தாங்குதே?” என்பது அவருடைய மிகப் பலமான கேள்வி. அதைச் சும்மா தள்ளிவிட முடியாது, ஏனென்றால் வண்டி உண்மையிலேயே தாங்கத்தான் செய்கிறது. முதலில் வந்த வண்டியின் 700 சொச்சம் சி.சி., 16 குதிரைசக்தி எஞ்சின்கூட முதல் கியரில் முனகிக்கொண்டே இரண்டு டன்னை இழுத்துவிடும். ஸ்பிரிங் பட்டைகள், வெறும் வண்டியில் புன்னகைபோல மேல்நோக்கி வளைந்திருந்தவை, நேர்கோடாகி, பிறகு உதட்டைப் பிதுக்கும். ஆனால் உடனே ஒடியாது. தயாரித்தவர்கள் கொஞ்சம் கூடுதல் பலம் வைத்துத்தான் செய்கிறார்கள். அந்தக் கூடுதல் பலம் நம் சாலைப் பள்ளங்களுக்கு ஒதுக்கியது, செம்மண்ணுக்கு அல்ல. இவர் அதை மண்ணிலேயே செலவழித்துவிட்டால் பள்ளம் வரும்போது பட்டையிடம் கையிருப்பு எதுவும் இராது. அதைவிட, போவதை வைத்து வண்டியின் பலத்தை எடை போடுவதுதான் விசித்திரம். எவ்வளவு பாரத்தோடும் வண்டி போய்விடும், நிற்பதில்தான் வித்தை இருக்கிறது. தன் எடையும் சரக்குமாக ஏறக்குறைய ஒன்றரை டன்னை நிறுத்தச் செய்த பிரேக், இரண்டரை டன்னை நிறுத்த வேண்டியிருக்கிறது. பாரமெல்லாம் பின்னச்சில் விழுவதால் முன்பக்கம் மூக்கைத் தூக்கும், ஸ்டியரிங் பூப்போல இலேசாகிவிடும். “பாரம் ஏத்தினா வண்டி நல்லா ஸ்மூத்தாப் போவுது சார்” என்று யாராவது சொன்னால், முன்சக்கரத்துக்குத் தரையோடு இருந்த உறவு கொஞ்சம் கசந்துவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டும். இரவானால் ஹெட்லைட் இரண்டும் புளியமரத்துக் கிளையில் பழம் தேடும்.

அப்படியானால் ஓட்டுநர் ஏன் சம்மதிக்கிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். அவர் மறுத்தால் ஸ்டாண்டில் அடுத்து நிற்கும் வண்டி ஏற்றிக்கொள்ளும். அதனால் “போதும் சார்” என்பதை அவர் ஒருமுறை சொல்வார், இரண்டாம் முறை முகத்தால் மட்டும் சொல்வார். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், மிஞ்சிய சரக்கை இறக்கும் செலவும் தனி. மண் சிறுகனிமம் என்பதால் நடைச்சீட்டு வேறு கேட்பார்கள். இதையெல்லாம் அவர் எடுத்துச் சொன்னால் நம்மவர், “அந்த ரோட்டுல யாரும் நிக்க மாட்டாங்க, நான் காலைல பார்த்துட்டுத்தான் வந்தேன்” என்பார். இங்கேயும் கண்தான் சாட்சி. அபராதம் ஓட்டுநருக்கு, சாட்சி சொல்வது மட்டும் இவர். ஆகவே ஓட்டுநரின் சம்மதத்தை இவருக்கு ஆதரவான வாக்கு என்று எண்ணக்கூடாது.

“ரெண்டு நடைக்குப் பதில் நாலைந்து நடை அடித்தால் வாடகையை யார் கொடுப்பது?” என்ற கடைசிக் கேள்வியும் உண்டு. இருபதடிக்குப் பத்தடித் தோட்டத்தில் அரையடி உயரம் மண் பரப்ப வேண்டுமானால் சரியாக ஒரு யூனிட். ஒழுங்காக 750 கிலோ வீதம் ஏற்றினால் ஐந்து நடை, கோபுரம் கட்டினால் இரண்டு. மிச்சம் மூன்று நடை வாடகை. கண்ணால் பார்க்கக்கூடிய லாபம் என்பதால் அதை அவர் ரூபாய் சுத்தமாகச் சொல்லிவிடுவார். ஓட்டுநரின் பட்டைக்கும், கிளட்சுக்கும், பன்னிரண்டு அங்குலச் சக்கரத்துக்கும் ஆகும் செலவு ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு பட்டறையில், வேறொருவர் பாக்கெட்டிலிருந்து போகும். அது அவர் கண்ணில் படுகிற இடத்தில் நடப்பதில்லை. இரண்டு நடையும் இறங்கி, பரப்பி, மட்டம் தட்டியதும் செடிக்குக் குழாயைத் திறந்துவிடுவார். மறுநாள் காலை பல் தேய்த்தபடி வந்து பார்த்தால் அரையடி மண் தண்ணீர் குடித்துப் படிந்து, அவர் குறித்துவைத்த செங்கல் வரிசைக்கு ஒன்றரை அங்குலம் கீழே இறங்கியிருக்கும். வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுப் போனை எடுப்பார். “தம்பி, இன்னொரு நடை வேணும்ப்பா. நேத்து நீ கொஞ்சம் கம்மியா ஏத்திட்டே.”