பேராண்டி போற புது நாடகம்

இன்னா பேராண்டி, சனிக்கிழமை சாயங்காலம் புது நாடகம் பாக்கப் போறியாமே? கறுப்புச் சட்டை, தோள்ல ஜோல்னா பை, மூஞ்சியில நாலு நாள் தாடி. எல்லாம் தயாராமே? ஏன் கண்ணு, வேஷம் கட்டப்போறது அவங்களா, நீயா?

போ, வேணாங்கல. வீட்டுல டிவி முன்னாடி மாமியார் மருமவ சண்டையைப் பாத்துகினு கெடக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலாம். திருவேற்காட்டுல பஸ் ஏறி மதுரவாயல் தாண்டிட்டா, அப்பால பட்டணம் பூரா நாடகந்தான். ஒருத்தன் மொட்டை மாடியில போடறான். இன்னொருத்தன் பழைய பங்களா கூடத்துல போடறான். நாப்பது நாற்காலி போட்டா நெறஞ்சுபோற எடம். சின்ன எடம்னு நான் இளப்பமாச் சொல்லல. எடம் சின்னதா இருக்கலாம். அலட்டல் பெருசா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உன் போன்ல வந்த அழைப்பை நீதானே படிச்சுக் காட்டினே? ஒரு பக்கம் பூரா எழுத்து. 'இது நாடகம் அல்ல, ஓர் அனுபவம்'னு ஆரம்பிக்குது. நடிகனுக்கும் பாக்கறவனுக்கும் நடுவுல இருக்கற சுவரை உடைக்கப்போறாங்களாம். எல்லாம் சரி, கதை இன்னான்னு கேட்டேன். மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாத்தே. கெடைக்கல. கதை இல்லாததுதான் புதுமைன்னு சொன்னே. அப்படியா? எங்க காலத்துல கதை இல்லேன்னா ஒத்திகை முடியலன்னு அர்த்தம்.

அதை வுடு. உடைக்கிறாங்களாமே சுவரு, அந்தச் சுவரைக் கட்டினது யாரு? நம்ம கூத்துல சுவரே இல்லியே!

திருவள்ளூர், காஞ்சிபுரம், செய்யாறு பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வப்பாங்க. பகல்ல பாரதம் படிப்பாங்க, ராவுல கூத்து. பத்து மணிக்கு மேல மத்தளம் அதிரும். முகவீணை கூடவே கத்தும். மொதல்ல கட்டியங்காரன் வருவான். ராஜா வராருன்னு கட்டியம் சொல்றவனும் அவன்தான், அந்த ராஜாவை நக்கல் அடிக்கறவனும் அவன்தான். முன்னாடி குந்தியிருக்கற பெரிய மனுஷனையும் வுட மாட்டான். அஸ்தினாபுரத்துக் கதை நடுவுல நம்மூரு தண்ணிக் கஷ்டமும் ரேஷன் கடையும் வந்துட்டுப் போவும். அவன் எந்தச் சுவரை ஒடைச்சான் சொல்லு?

மேடையில ஒண்ணும் வைக்காம ஒத்த ஸ்டூலை மட்டும் வச்சு ஆடறாங்களா? கூத்துல ஒரு பெஞ்சு. துரியோதனன் குந்தினா அது சிம்மாசனம். அர்ச்சுனன் ஏறி நின்னா அது தேரு. ஆம்பளை பொம்பளை வேஷம் கட்டுறது பெரிய புரட்சியா? திரௌபதி வேஷம் கட்டினவன் விடிஞ்சதும் ஏரோட்டப் போயிடுவான். அவன்கிட்ட நீ புரட்சின்னு சொன்னா, மழிச்ச மீசைக்கு யாரு பணம் தருவான்னு கேப்பான்.

பாக்க வந்தவங்களையும் நாடகத்துல சேத்துக்குவாங்களாம். முன் வரிசையில ஒருத்தர் கையில காயிதப் பூவைக் குடுத்து நிக்க வப்பாங்களாம். அர்ச்சுனன் தபசு அன்னிக்குப் போய்ப் பாரு. ஒசர மரத்துல ஏறிப் பாடிகினே மேலேருந்து பழம் போடுவான். புள்ளை வரம் கேட்டு வந்த பொண்ணுங்க கீழ முந்தானையை ஏந்திகினு நிப்பாங்க. அவங்ககிட்ட போயி, நீ வேடிக்கை பாக்க வந்தியா, நடிக்க வந்தியான்னு கேளேன். அடிதான் விழும்.

துரியோதனன் வரவு பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்டே. ரெண்டு பேரு ஒரு துணியைப் புடிச்சுகினு நிப்பாங்க. அதான் திரை. துணிக்கு மேல கிரீடத்தோட நுனி தெரியும். கீழ சலங்கை கட்டின காலு தெரியும். நடுவுல ஆளைக் காணோம். உள்ளேருந்தே பாடுவான். ஒரு மிதி மிதிப்பான், மண்ணு பறக்கும். கட்டியங்காரன் கேள்வி கேப்பான், அவன் உள்ளேருந்தே பதில் சொல்லுவான். இப்ப வருவான், அப்ப வருவான்னு இழுத்துகினே போவான். அப்பால சடார்னு துணி வெலகும். கல்யாண முருங்கைக் கட்டையில செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டின புஜக்கட்டை வெளிச்சத்துல பளீர்னு அடிக்கும். ஒரு சுத்து சுத்துவான் பாரு, பாயில சுருண்டு கெடந்த ஆயா எழுந்து குந்திடுவா. மடியில தூங்கின கொழந்தை வீல்னு கத்தும்.

கூத்துல தூங்குறது தப்பே இல்ல பேராண்டி. விடிய விடிய ஆடினா மனுஷன் தூங்கத்தான் தூங்குவான். தூங்கினவனை எழுப்புறது ஆடறவன் பாடு. அதுதான் அவனுக்குப் பரீட்சை. பட்டணத்து நாடகத்துல பரீட்சை நமக்கு வப்பாங்க. புரிஞ்சுதா, புரியலியான்னு.

கெழவன் பழம்பெருமை பேசறான்னு நெனைக்கிறியா? இதையெல்லாம் தெரிஞ்சுகினு புதுசு பண்ணவரு பட்டணத்துலயே இருந்தாரு. ந. முத்துசாமின்னு பேரு. அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவுல புஞ்சை கிராமம். கதை எழுதினாரு, புது மாதிரி நாடகமும் எழுதினாரு. புரிசை ஊருத் தம்பிரானுங்க ஆடற கூத்தைப் பாத்துட்டு ஆடிப்போயிட்டாரு. 1977ல கூத்துப்பட்டறையை ஆரம்பிச்சாரு. நம்ம ஊர்லேருந்து ஒரு எட்டுதான், விருகம்பாக்கம். புரிசை கண்ணப்ப தம்பிரானைக் கொண்டாந்து பட்டணத்துப் பசங்களுக்கு அடவு கத்துக்குடுக்க வச்சாரு. பசுபதி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த்துன்னு நீ சினிமாவுல பாக்கறியே, அவங்கல்லாம் அங்க வேர்வை சிந்தினவங்க. விஜய் சேதுபதி அங்க கணக்கு எழுதப் போனவரு. 2012ல முத்துசாமிக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. 2018ல போய்ச் சேந்தாரு.

அவரு நாடகம் எல்லாருக்கும் புரிஞ்சுதான்னு கேக்காத. எனக்குப் பாதி புரியல. ஆனா தூக்கம் வரல. வசனம் புரியாத எடத்துல நடிகனோட ஒடம்பு பேசிச்சு. புதுசு பண்றவன் அப்படிப் பண்ணணும். இப்ப சில பேரு பண்றது பழைய கள்ளு, புது மொந்தை. சில எடத்துல மொந்தை மட்டுந்தான் இருக்கு.

அந்த அழைப்புக்கு அடியில இன்னொண்ணு போட்டிருந்துச்சே. சில காட்சிங்க மன உளைச்சல் தரலாம், ஜாக்கிரதைன்னு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சங்கரதாஸ் சுவாமிகள் தெரியுமா? 1918ல மதுரையில பசங்களைச் சேத்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைன்னு நடத்தினவரு. அதுக்கு முன்னாடி அவரே வேஷமும் கட்டினாரு. எமன், சனீஸ்வரன்னு எல்லாமே கிலி புடிக்கிற வேஷம். எமனா அவரு வந்து நின்னதைப் பாத்துக் கர்ப்பிணிப் பொண்ணு ஒருத்திக்குக் கர்ப்பம் கலைஞ்சுபோச்சுன்னும், அந்த வேதனையிலதான் வேஷம் கட்டுறதையே வுட்டாருன்னும் சொல்லுவாங்க. அவரு எச்சரிக்கை ஒண்ணும் போடல. இவங்க போட்டிருக்காங்க. போன நாடகத்துக்கும் போட்டாங்களே, நீ பயந்தியா? நடுவுல போன்ல கிரிக்கெட் ஸ்கோர் பாத்தேன்னு நீதானே சொன்னே?

இந்த நாடகம் அரசாங்கத்தையே உலுக்கப்போவுதாம். நாப்பது பேரு பாக்கப்போறீங்க. நாப்பது பேரும் ஏற்கெனவே அதே கருத்துக்காரங்க. யாரை உலுக்குறது? வெள்ளைக்காரன் நாடகத்துக்குப் பயந்து 1876ல சட்டம் போட்டான். சுதந்திரம் வந்தப்பறம் 1954ல நம்ம சர்க்காரும் ஒண்ணு போட்டுச்சு. எம்.ஆர். ராதாவை மனசுல வச்சுத்தான் போட்டாங்கன்னு ஊரே பேசிச்சு. பயப்படாம இருப்பாங்களா? ரத்தக்கண்ணீர் நாடகத்துல அன்னிக்குப் பேப்பர்ல வந்த சேதியை அன்னிக்கே மேடையில சேத்துடுவாரு. கூட்டத்துல எவனாவது கூவினா, அவனுக்கும் பதில் குடுத்துட்டுத்தான் கதைக்குத் திரும்புவாரு.

அந்த 1954 சட்டத்தால ரொம்ப காலம், நாடகத்தை எழுதிப் போலீஸ்ல காட்டி அனுமதி வாங்கித்தான் மேடையேத்த வேண்டியிருந்துச்சு. பரீக்‌ஷா நாடகக் குழு ஞாநி கோர்ட்டுக்குப் போனாரு. 2013ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தோட முக்கியமான பிரிவுங்க செல்லாதுன்னு சொல்லிடுச்சு. நல்ல தீர்ப்பு. ஒரே ஒரு நஷ்டம். முன்னே போலீஸ்காரராவது நாடகத்தை முழுசாப் படிச்சுகினு இருந்தாரு. இப்ப எழுதினவரைத் தவிர யாரும் படிக்கறதில்ல. சில நாடகத்தைப் பாத்தா எழுதினவரு படிச்சாரான்னே சந்தேகமா இருக்கு.

சபா பக்கம் போனா தப்பிச்சுக்கலாம்னு நெனைக்காத. அங்க வேற பேஜாரு. கோடை வந்தா புது நாடகம் வரிசை கட்டி வரும். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் வருஷா வருஷம் கோடை நாடக விழாவே நடத்துது. நல்ல காரியம். சபா நாடகத்துல கதை புரியும். ரொம்பவே புரியும். மொத சீன்லயே கடைசி சீன் புரிஞ்சுடும். அமெரிக்காவுல புள்ளை, இங்க தனியா அப்பா அம்மா, வாய்த்துடுக்கா ஒரு சமையக்காரரு, நடுக்கூடத்துல ஒரு சோபா. அந்த சோபா எத்தினி குடும்பத்தைத்தான் பாத்திருக்கும்!

அதே சபா மேடையிலதான் 1968ல சோ, முகமது பின் துக்ளக்கைக் கொண்டாந்து நிறுத்தினாரு. அதே மேடையிலதான் 1980ல கோமல் சுவாமிநாதன் தண்ணீர் தண்ணீர் போட்டாரு. கரிசக்காட்டு ஜனம் ஒரு கொடம் தண்ணிக்கு அலையறதைப் பாத்து, ஏசியில குந்தியிருந்தவங்களுக்கு நாக்கு வறண்டுச்சு. மறு வருஷமே பாலசந்தர் அதைப் படமா எடுத்தாரு. சோபாவைத் தூக்கி ஓரமாப் போட்டா சபாவுலயும் நடக்கும், பாத்துக்கோ.

நாடகம் முடிஞ்சதும் எழுந்து வந்துடலாம்னு கணக்குப் போடாத. கலந்துரையாடல் இருக்கு. நாடகம் ஒரு மணி நேரம், அதைப் பத்திப் பேச்சு ஒன்றரை மணி நேரம். ஒருத்தரு எழுந்து, 'எனக்குக் கேள்வி இல்ல, சின்னதா ஒரு கருத்து'ம்பாரு. அவரு பொறந்த ஊர்லேருந்து ஆரம்பிப்பாரு. டைரக்டரைக் கேட்டா, லைட்டு சரியில்ல, எடம் சரியில்ல, ஜனங்களுக்கு ரசனை போதலம்பாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கூத்தாடி கிழக்கே பாப்பான், கூலிக்காரன் மேற்கே பாப்பான்னு சொல்லுவாங்க. விடிஞ்சா அவனுக்கு விடுதலை, பொழுது சாஞ்சா இவனுக்கு விடுதலை. கலந்துரையாடல்ல மாட்டினவன் எந்தப் பக்கம் பாப்பான்? கதவுப் பக்கம்.

இவ்வளவு பேசினாலும் அந்தப் பசங்களை முழுசா வெறுக்க மனசு வரல கண்ணு. நம்ம ஊரு மூர்க்க நாயனார் கதை தெரியுமில்ல? அடியாருங்களுக்குச் சோறு போட்டே சொத்தை அழிச்சாரு. கையில காசு இல்லாமப் போனதும் சூதாடி ஜெயிச்சு சோறு போட்டாரு. அழும்பு பண்ணவனைச் சுரிகையால குத்தினாரு. அதான் அந்தப் பேரு. நாடகம் போடறவனும் அந்த ஜாதி சூதாடிதான். ஆபீஸ்ல வாங்கின சம்பளத்தை ஹால் வாடகை, லைட்டு வாடகை, ஒத்திகைக்கு டீ, பஜ்ஜின்னு வச்சு ஆடறான். ஜெயிச்சான்னு நான் கேள்விப்பட்டதே இல்ல. தோத்துட்டு மறுபடியும் வந்து குந்தறான் பாரு, அந்தக் கிறுக்குக்கு ஒரு கும்பிடு.

ஆனா நாயனார்கிட்ட இன்னொரு கொணம் இருந்துச்சு. அடியாருங்க எல்லாம் சாப்புட்டு எழுந்தப்பறம், கடைசிப் பந்தியிலதான் அவரு எலை போட்டுக்குவாரு. நம்ம பசங்க மொதப் பந்தியிலயே குந்திடறாங்க. அவங்களே போட்டுக்கறாங்க, அவங்களே ருசிக்கறாங்க, அவங்களே ஏப்பம் வுடறாங்க. பாக்க வந்தவன் எலை காலி. அங்கதான் கோளாறு.

அதனால நீ போ. போய்க் கடைசி வரிசையில குந்து. நடிகன் கொரலு அங்க வரைக்கும் வருதான்னு பாரு. புரியலன்னா புரிஞ்சாப்புல தலையாட்டாத. பக்கத்துல இருக்கறவன் கைதட்டறான்னு நீயும் தட்டாத. முடிஞ்சதும் டீக்கடையில நின்னு, பாத்த கதையை டீ ஆத்தறவருக்குச் சொல்லு. ஆத்தறதை நிறுத்திட்டு, 'அப்புறம் இன்னா ஆச்சு?'ன்னு அவரு கேட்டாருன்னா, அது நாடகம். 'சக்கரை போடவா, வேணாமா?'ன்னு கேட்டாருன்னா, நீ வூட்டுக்கு வா.

டிக்கெட்டைக் காசு குடுத்து வாங்கு. ஓசி பாஸ்ல போவாத. தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கறவன் ஓசி பாஸ்காரன்தான். கலந்துரையாடல்ல நீளமாப் பேசறவனும் அவன்தான்.

எனக்கும் சேத்து ஒரு டிக்கெட் எடு. சிரிக்காத, மெய்யாலுமேதான் சொல்றேன். நடுவுல நான் தூங்கிட்டேன்னா தொடையைக் கிள்ளாத. கம்முனு இரு. நாடகம் எழுப்புதான்னு பாப்போம்.