பச்சோந்திக்கு வெந்நீர் வைக்கலாமா? ஒரு பரபக்க சுபக்க ஆராய்ச்சி

பாயிரம்

நாமத்தின் வடிவுக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறிய காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருக்க, செங்கல்பட்டுக்கென்று ஒரு வழக்கு வேண்டாமா? 2019-ல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது ஏரியும் கடற்கரையும் பங்குக்கு வந்தன, வழக்கு வரவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வாராய்ச்சி: கூண்டுப் பச்சோந்திக்குத் தெளிக்கும் நீரைச் சுட வைப்பதா, வேண்டாமா?

கேள்வி அற்பமன்று. கிண்ணத்தில் நீர் வைத்தால் பச்சோந்தி பெரும்பாலும் ஏறெடுத்தும் பாராது. இலையில் தங்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே வளர்ப்பவரே அன்றாடம் மழையாக வேண்டியிருக்கிறது. வருண பதவி கிடைத்த மனிதருக்கு முதலில் வரும் ஐயம், மழையை எந்தச் சூட்டில் பெய்விப்பது என்பதே.

பரபக்கம்

வெந்நீர்க் கட்சியாரின் வாதங்கள் மூன்று. பச்சோந்தி உடற்சூட்டுக்கு வெளியுலகை நம்பியிருக்கும் பிராணி, குளிர்நீர் ஆகாது. வெதுவெதுப்பாகத் தெளித்தால் கண்ணைப் புடைத்துச் சுழற்றி நன்றாகச் சுத்தம் செய்துகொள்ளும். மூன்றாவது, எவரும் வாய்விட்டுச் சொல்லாதது: பிள்ளைக்குப் பச்சைத்தண்ணீர் ஊற்றாத வீட்டில் பச்சோந்திக்கு மட்டும் ஊற்ற மனம் வருமா?

இவர்களுக்குச் சிற்பச் சான்றும் உண்டு. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையின் நடுப்பிளவில் நாகராசனும் நாகினியும் இருக்கிறார்கள். பாறை உச்சியில் தொட்டி கட்டி, அப்பிளவு வழியே நீரை வழியவிட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. ஏழாம் நூற்றாண்டின் மொட்டைமாடித் தொட்டி அது! சித்திரை நண்பகலில் அதிலிருந்து இறங்கிய நீர் எப்படி இருந்திருக்கும் என்பதை, செங்கல்பட்டில் மத்தியானம் குழாயைத் திறந்த எவரும் அறிவர். ஊர்வனவற்றுக்கு வெந்நீர் வார்த்த முதல் அரசர்கள் பல்லவரே என்று இதனால் வாதிடலாம். நாகர்கள் கைகூப்பியிருப்பது பக்தியாலா, சூடு தாங்காமலா என்பது தனி ஆய்வுக்குரியது.

சுபக்கம்

பச்சைத்தண்ணீர்க் கட்சி இயற்பியல் பேசுகிறது. நல்ல தெளிப்பானிலிருந்து வரும் நுண்துளி தலைமயிர்ப் பருமன்தான் இருக்கும். பறக்கும்போதே ஆவியாகி, ஒரு நொடிக்குள் தன் சூட்டைத் தொலைத்துவிடும். அறை 35 பாகை செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், துளி ஏறத்தாழ 26 பாகையில் வந்து நிற்கும். 45 பாகையில் புறப்பட்டாலும் அங்கேதான். 20 பாகையில் புறப்பட்டாலும் அங்கேதான். அடுப்பெரித்த புண்ணியம் அறைக்காற்றுக்கே. பெருந்துளியாகக் கொட்டினால் சூடு போய்ச் சேரும், தோலும் வேகும். வெதுவெதுப்பான நீரைத் தொட்டியில் தேக்கி வைத்தாலோ லெஜியோனெல்லா கிருமி பெருகும்; தெளிக்கும்போது அது போய்ச் சேருமிடம் வளர்ப்பவரின் நுரையீரல்.

ஐப்பசி மழையும் இவ்விதிப்படி குளிர்ந்தே விழுகிறது. அதைக் குடித்துத்தான் நம் புதர்க்காட்டுப் பச்சோந்தி வம்சம் தழைத்தது. 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கி, இன்று வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணையிலும் முதலைகள் கரையில் வெயில் காய்கின்றன. சூடு மிஞ்சினால் குளத்தில் இறங்குகின்றன. வெந்நீர் கேட்டு எதுவும் வாய் திறந்ததில்லை. திறந்து கிடக்கும் வாய்கூடச் சூட்டைத் தணித்துக்கொள்ளத்தான்.

முடிபு

ஒன்று: நம்மூர்ப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பதை 1972-ன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அதற்கு வெந்நீரோ பச்சைத்தண்ணீரோ தெளிக்கும் உரிமை எக்கட்சிக்கும் கிடையாது. மழைக்கு மட்டுமே உண்டு.

இரண்டு: ஏமன், மடகாஸ்கர் நாட்டுப் பச்சோந்திகளை வைத்திருப்போர் முதலில் தேட வேண்டியது அடுப்பையல்ல, அரசுப் பதிவை. அதற்கான விதிகள் 2024-ல் வந்துவிட்டன.

மூன்று: பதிவு முடித்தபின் அறைச்சூட்டு நீரையே தெளிக்க. மொட்டைமாடித் தொட்டி நீரானால் ஆற வைத்துத் தெளிக்க.

நான்கு: வழக்குச் செலவை வெந்நீர்க் கட்சியே ஏற்க வேண்டும். ஏற்கெனவே காய்ச்சிவிட்ட நீரில் அவர்கள் குளித்துக்கொள்ளத் தடையில்லை.