சாம்பார் சூடாகும் வரை மௌனம்

குரலைக் கேட்டு இணையம் வழியே மறுமொழி கூறும் கருவியாகிய ஸ்மார்ட் ஸ்பீக்கர் பாட்டை நடுவில் விழுங்கும்போது, அதனிடம் உரக்கக் கத்துவதும், செருகியைப் பிடுங்கி மீண்டும் செருகுவதும் இல்லங்களில் மரபாகிவிட்ட பரிகாரங்களாகும். உண்மைக் குற்றவாளியோ சமையலறையில் சாம்பாரைச் சூடாக்கிக்கொண்டிருக்கக்கூடும். மைக்ரோவேவ் அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண், வைஃபையும் புளூடூத்தும் குடியிருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள்ளேயே அமைவதால், கதவிடுக்கில் கசியும் சிறு அலையும் ஸ்பீக்கரின் செவியை அடைத்துவிடுகிறது. இதுவே குறுக்கீடு எனப்படும். 1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் இவ்வலைவரிசையில் உரிமமற்ற தகவல்தொடர்புக்கு வழிவிட்டபோதே, புறம்போக்கில் குடியேறியவர் அண்டை வீட்டு இரைச்சலைச் சகித்தாக வேண்டும் என்னும் பொருள்பட நிபந்தனையும் உடன் வந்தது. ஸ்பீக்கரை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுவதும் அடுப்பிலிருந்து தள்ளி வைப்பதுமே தீர்வாகும். அத்தீர்வை ஸ்பீக்கரிடமே கேட்டறிய விழைவோர், சாம்பார் சூடேறி முடியும் வரை காத்திருத்தல் நலம்.