41 ஹெர்ட்ஸ்காரர்

அம்பத்தூரில் அவர் இல்லாத தெரு கிடையாது. எஸ்டேட்டில் ஏதாவது கம்பெனி டூல் ரூமிலிருந்து ரிடையர் ஆகியிருப்பார். இல்லாவிட்டால் ஆவடி டாங்க் ஃபாக்டரி. பிளைவுட் கடையில் 18 எம்.எம். பலகையை வெர்னியரால் அளந்து, "பதினேழே கால்தான் இருக்கு தம்பி" என்று கடைப் பையனோடு மல்லுக்கு நிற்பவர் அவர்தான். நம் வீட்டுக்கு வந்தால் அலமாரிக் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, "ஒரே நிமிஷம், கேட்டுட்டுப் போங்க சார்" என்று உள்ளே கூப்பிடுவது.

உள்ளே போனதும் முதல் காரியமாக ஃபேனை நிறுத்துவார். மே மாசம். ஜன்னலையும் சாத்துவார், தெருச் சத்தம் வரக்கூடாதாம். எதிரே ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். "கொஞ்சம் இடது பக்கம்... இல்ல, நாற்காலியோட நகருங்க... இப்ப தலையை மட்டும் பின்னால" என்று பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவர் மாதிரி நம்மைச் சரிசெய்வார். சரியாக அந்த நேரம் பார்த்து அரக்கோணம் பக்கம் ஒரு கூட்ஸ் கிளம்பும். "இருங்க, இது போகட்டும். இதோட பேஸும் கலந்துடும்." கூட்ஸுக்குப் பெட்டிகள் அதிகம். அது முழுக்கப் போகிறவரை ஃபேன் நின்றது நின்றபடியே.

பிறகு பாட்டு. எண்பதுகளின் இளையராஜா. ஆரம்பத்திலிருந்து போடுவார் என்று நினைக்காதீர்கள். பல்லவி முடிந்து, இடையிசையில் பேஸ் கிட்டார் படியிறங்கி வருகிற இடத்திலிருந்துதான். பொய் சொல்லக்கூடாது, சிலிர்க்கத்தான் செய்கிறது. காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூடு கேட்டுவிடுகிறது. அப்படியே கண்ணை மூடுகிறோம். சரணம் எடுக்க எஸ்.பி.பி. மூச்சை இழுக்கிறார்.

டக். நிறுத்திவிட்டார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

நல்லா இருக்கு என்றால் முகம் சுருங்கிவிடும். "நல்லா இருக்கறது வேற சார். கீழ இறங்குதா, அதைச் சொல்லுங்க." இறங்குகிறது என்று சொல்லிப் பார்க்கிறோம். "எங்க இறங்கிச்சு?" திரும்ப அதே இடத்திலிருந்து. படியிறங்கும் கிட்டார், எஸ்.பி.பி.யின் மூச்சு, டக்.

அடுத்து பாடம். ஸ்பீக்கர் முன்பக்கம் தள்ளுகிற சத்தம் நமக்கு. பின்பக்கம் தள்ளுவதை மற்றவர்கள் பெட்டிக்குள் அடைத்து வீணாக்குகிறார்கள். இவர் அதற்கு ஒரு நீளமான குழாய்வழி போட்டு, பெட்டிக்குள்ளேயே மடித்து மடித்து விட்டிருக்கிறார். வழி நெடுகப் பஞ்சு. மேல் சத்தங்களைப் பஞ்சு தின்றுவிடும். பேஸ் மட்டும் தாமதமாகக் கீழ்வாசல் வழியே வந்து முன்சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். 1965-இல் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் பிராட்ஃபோர்டு ஏ.ஆர். பெய்லி எழுதிய வழி இது. பெய்லி போட்டது நீளமுடி ஆட்டுக் கம்பளி. அம்பத்தூரில் அதற்கு எங்கே போவது? மாமியார் போடியிலிருந்து கொடுத்தனுப்பிய இலவம்பஞ்சுத் தலையணைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பலகை அறுத்த ஆசாரிக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் தீரவில்லை: "உள்ள இத்தனை தட்டு வச்சு நாலு பக்கமும் மூடிட்டா, சாமான் எப்படி எடுப்பீங்க?"

குழாயின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் எட்டு மீட்டர் சொச்சம். குழாய்க்கு அதில் கால்வாசி, இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். "ஆனா அது இருபது டிகிரிக்கு, வெள்ளைக்காரன் ஊர்க் கணக்கு. சூட்டுல சத்தம் வேகமா ஓடும் சார். நம்ம முப்பத்தாறு டிகிரிக்கு ரெண்டு அங்குலம் கூட வேணும்." கூட்டியும் வைத்திருக்கிறார். கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். மகன் ஏ.சி. வாங்கித் தருகிறேன் என்றதற்கு, ஹால் குளிர்ந்தால் குழாயின் நீளம் தப்பாகிவிடும் என்று மறுத்துவிட்டார்.

நல்ல மனுஷர். மார்கழியில் பிள்ளையார் கோயில் ஆம்ப்ளிஃபயர் கரகரத்தால் விடியற்காலையில் சோல்டரிங் அயனோடு ஓடுகிறவர் இவர்தான். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார். ஆனால் அவர் பாட்டு கேட்பதில்லை. ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி ஊஃபர் பொறுக்கி, கிராஸ்ஓவர் சுற்றி, மரத்தூளில் இருமி, பென்ஷனில் பாதியைப் பலகைக்குக் கொடுத்து, இத்தனைக்கும் பிறகு அந்தப் பெட்டிகளில் ஒரு பாட்டு முழுசாக ஓடி நான் பார்த்ததில்லை. எஸ்.பி.பி. அங்கே மூச்சை இழுத்ததோடு சரி, விட்டதே கிடையாது. எனக்கு எரிச்சல் அதில்தான். அந்தச் சரணத்தில் இருப்பது 41 ஹெர்ட்ஸ் மட்டுமா?

போன ஞாயிறு காபி டம்ளரை வைக்க அடுக்களைப் பக்கம் போனேன். அவர் மனைவி உப்பு ஜாடிமேல் செல்போனைச் சாய்த்து வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அதே பாட்டு, சரணத்தில். "உட்காருங்கண்ணே, இங்க ஃபேன் ஓடுது" என்றார். உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது சரணத்தில் ஹாலிலிருந்து குரல் வந்தது: "சார், அதுல இருநூறுக்குக் கீழ ஒண்ணுமே வராது சார்!"

அந்த அம்மா கீரையை வைத்துவிட்டு வால்யூமைக் கூட்டினார்.