வைஸ் வராது, மச்சான்

ஷெஃபீல்ட்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே மழை, அதைத் தனிச் செய்தியாக எழுத வேண்டியதில்லை. நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. ரெக்கார்டு வைஸ் ஒன்று, ஸ்டான்லி 4ஆம் நம்பர் இழைப்புளி ஒன்று, மார்பிள்ஸ் உளி ஒரு செட், அங்குலக் கணக்கு விட்வொர்த் ஸ்பேனர் முடிந்த மட்டும். இதைப் படிக்கிறவன் நான் பிழைக்க வந்தவன் என்று நினைக்கமாட்டான், பழைய இரும்பு ஏற்றுமதிக்கு வந்தவன் என்றுதான் நினைப்பான். 4 அங்குல ரெக்கார்டு வைஸ் சுமார் 16 கிலோ. விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. மீதி 7 கிலோவில் அத்தை கேட்ட சாக்லேட்டும் பிள்ளைகளின் துணியும் சுங்க அதிகாரி முன்னால் என் மானமும் அடங்க வேண்டும். ஆகவே வைஸ் வராது. எடை ஒரு சாக்குதான். நீ கேட்கும் சாமான் நீ இருக்கும் ஓசூரைச் சுற்றியே கிடக்கிறது, அதைத் தேடுவதற்கான வண்டியும் உன்னிடமே இருக்கிறது என்பதுதான் என் வாதம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் உடம்போடு ஒட்டிய உடுப்பை மாட்டிக்கொண்டு, கூட்டமாகக் கிருஷ்ணகிரி வரை மிதித்து, இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறீர்களே, அந்த சைக்கிளைத்தான் சொல்கிறேன்.

முதலில் இந்த ஊர் நிலவரத்தைக் கேள். இங்கே ஞாயிறு காலையில் ஏதாவது ஒரு புல்வெளியில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து, வீட்டில் வேண்டாததை எல்லாம் விற்பார்கள். கார் பூட் சேல் என்று பெயர். தாத்தாவின் ஷெட்டைக் காலி செய்யும் பேரன் ஒரு ஆயுள்காலத் தச்சு வேலையை ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் கொட்டி, எதை எடுத்தாலும் ஒரு பவுண்டு என்பான். உன் கனவில் வருவது இந்தக் காட்சி. ஆனால் வியாபாரிகள் கைவிளக்கோடு முன்கூட்டியே வந்து நல்லதைப் பொறுக்கிவிடுகிறார்கள். துடைத்து, மெழுகு பூசி, விண்டேஜ் என்ற பட்டத்தைச் சூட்டி இணையத்தில் பல மடங்கு விலைக்கு நிறுத்துகிறார்கள். மிச்சம் பப்புச் சுவருக்குப் போகிறது. நிஜமாகத்தான். ரம்பத்தையும் இழைப்புளியையும் சுவரில் திருகி மாட்டி அழகு பார்க்கிறார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, குழாய்க்கு வாஷர் மாற்ற வந்தவன் எவ்வளவு கேட்டான் என்று புலம்புகிறார்கள். இந்த ஊர் கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தில் கென் ஹாலி என்ற கருவிக் கடைக்காரர் சேர்த்த பெருந்தொகுப்பு இருக்கிறது. மூடிக்கொண்டிருந்த பட்டறைகளிலிருந்து அவர் காப்பாற்றியதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உளி மரம் செதுக்காது. இனி நீ கேட்கும் பெயர்களைப் பார். ரெக்கார்டு 1931இல் இழைப்புளி செய்யத் தொடங்கியதே ஸ்டான்லியோடு மல்லுக்கட்டத்தான். 2017இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கிய இர்வின் நிறுவனத்துக்குள் ரெக்கார்டு, மார்பிள்ஸ் இரண்டு பெயருமே அடக்கம். கல்யாண மண்டபத்தில் சண்டை போட்ட சம்பந்திகள் கடைசியில் ஒரே வீட்டு மாடியில் குடியிருப்பதுபோல ஆகிவிட்டது. இந்தப் பெயர்களுக்கு நீ இங்கே தரும் காசில் பாதி ஏக்கத்துக்குத்தான் போகும். ஓசூரில் அதே சாமான் எடைக்கு விற்கும்.

இங்கே நீ மடக்குவாய் என்று தெரியும். ஓசூரே நேற்று முளைத்த தொழில் ஊர். சிப்காட் தொழிற்பேட்டை வந்தது எழுபதுகளில், அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் வண்டி செய்யத் தொடங்கியது 1980 வாக்கில், டைட்டன் கடிகாரம் 1987இல். மெட்ரிக் அளவுக்கான சட்டமோ 1956லேயே வந்துவிட்டது. பிறகு அங்குலக் கணக்கு ஸ்பேனர் இங்கே எப்படி வரும் என்பாய். நியாயமான கேள்வி. தொழிற்சாலை புதிது என்பது சரி, ஆனால் அதற்குள் வேலைக்கு வந்த பிட்டர்களும் டர்னர்களும் ஆளுக்கொரு பெட்டியோடு வந்தார்கள். வடக்கே பெங்களூரில் எச்.ஏ.எல். 1940இல், ஐ.டி.ஐ. தொலைபேசி ஆலை 1948இல், எச்.எம்.டி. 1953இல் தொடங்கியவை, எல்லாமே அந்தச் சட்டத்துக்கு முன்பே. கிருஷ்ணகிரிக்கு வடக்கே, ஒரு நாள் மிதிக்கும் தூரத்தில் கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி 1880இல் அங்கே கால் வைத்தது. 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. 120 வருடம் ஓடிய ஒரு சுரங்கத்தின் பட்டறைகளில் எத்தனை வைஸ், எத்தனை சுத்தியல், எத்தனை பைப் ரிஞ்ச் இருந்திருக்கும்! அவ்வளவும் ஆவியாகிவிடவில்லை. ஓய்வு பெற்றவனின் வீட்டுப் பரணுக்கு ஏறியது கொஞ்சம்; பரண் காலியாகும்போது எல்லைக்கு அந்தப் பக்கம் குஜ்ரிக்கும் இந்தப் பக்கம் பழைய இரும்புக் கடைக்கும் இறங்குகிறது. தேடுகிறவன் பார்க்க வேண்டியது சிப்காட் கேட்டை அல்ல, அந்தப் பரண்களின் கீழ்நோக்கிய பாதையை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உன் கைக்கு அதிகம் சிக்கப்போவது ஷெஃபீல்ட் முத்திரை இல்லை. ஸ்வீடன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1969இல் உற்பத்தி தொடங்கிய டபாரியாவின் பிளேயர், சென்னை அடிசனின் டிரில்லும் டேப்பும், ஜலந்தர், லூதியானாப் பட்டறைகளின் ஸ்பேனர் என்றுதான் கிடைக்கும். அதில் என்ன குறை? இந்தியக் கருவி இங்கே பெட்டி பெட்டியாக இறங்குகிறது. ரெக்கார்டு அச்சில் பஞ்சாபில் வார்த்த அனந்த் இழைப்புளியை இங்கிலாந்துக்காரர்களே காசு கொடுத்து வாங்கி, அடிப்பாகத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினார்கள். நீ அங்கே உட்கார்ந்துகொண்டு ஷெஃபீல்ட் கேட்கிறாய், இங்கே பேரம் தேடுகிறவன் பஞ்சாப் வாங்குகிறான்.

இதைச் சொன்னதும் நீ அடுத்த கோடிக்குத் தாவி, ஷெஃபீல்டுக்கு எஃகு கற்றுக்கொடுத்ததே நாம்தான் என்று வாட்ஸ்அப்பில் ஏற்றிவிடுவாய். பொறு. அந்தக் கதையில் பாதி உண்மை உண்டு. தென்னிந்திய மூசை எஃகின் மாதிரிகள் லண்டனுக்குப் போயின; 1795இல் ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார்; மைக்கேல் ஃபாரடேகூட அதை அலசிப் பார்த்தார். ஆனால் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740களிலேயே தன் மூசை எஃகைக் காய்ச்சத் தொடங்கிவிட்டார். சுவையான பகுதி ஜோசையா மார்ஷல் ஹீத். சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார், சேலத்துத் தாதுவை நம்பி. உன் கிருஷ்ணகிரியும் 1965 வரை சேலம் மாவட்டம்தான், மறந்துவிடாதே. ஆலை நொடித்தது. மனிதர் ஷெஃபீல்டுக்கு வந்து, எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். எஃகு விலை இறங்கியது, ஊர் கொழுத்தது, அவருக்குக் கிடைத்தது வழக்கும் வாய்தாவும். ஆக இந்த இரும்பு நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் இடையே முன்பே போய்வந்திருக்கிறது. யார் யாருக்குக் குரு என்று தீர்ப்புச் சொல்வதால் ஒரு உளியும் கூர்மையாகாது.

இனி சைக்கிளுக்கு வருகிறேன். இந்தத் தேடலுக்கு அதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. காரில் போனால் கடை கண்ணில் படாது, நடந்து போனால் கடை வந்து சேராது. நீங்கள் ஆசைப்படும் 200 கிலோமீட்டர் பிரெவே (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள்) பயணத்துக்கு விதி தரும் நேரம் பதின்மூன்றரை மணி. மணிக்கு 20 கிலோமீட்டர் மிதித்தால் பத்து மணியில் முடிந்துவிடும். மீதி மூன்றரை மணியை இங்கே கேக்குக்குச் செலவழிக்கிறார்கள். மழையில் நாற்பது கிலோமீட்டர் நனைந்து போய், ஒரு கேரட் கேக்கைத் தின்று, அதையே வீரம் என்று பேசிக்கொண்டு திரும்புவது இந்நாட்டு வழக்கம். நீங்கள் அந்த நேரத்தை இரும்புக் கடையில் செலவழிக்கலாம். கூட்டமாகப் போவதில் இன்னொரு லாபம், பல ஜோடிக் கண். டூல்ரூமில் இருப்பவனுக்கு வெர்னியர் தெரியும், தச்சு தெரிந்தவனுக்கு உளி தெரியும், பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் எழுதுபவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அவன் பையில் இடம் இருக்கும். 4ஆம் நம்பர் இழைப்புளி 2 கிலோவுக்கும் குறைவு. பத்துப் பேர் பையில் பிரித்தால் ஒரு பெட்டிச் சாமான் வலிக்காமல் வந்து சேரும். வைஸை மட்டும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, மறுநாள் பட்டறை டெம்போவை அனுப்பு. கடைக்குள் எல்லோரும் நுழைந்துவிடாதீர்கள். ஹெல்மெட்டும் கலர் கண்ணாடியும் டக்டக் செருப்புமாகப் பத்துப் பேர் போய் நின்றால் எடைக்கு விற்கும் சாமான் அந்த நிமிடமே புராதனப் பொருளாகிவிடும். ஒருவன் சட்டை மாற்றிக்கொண்டு போகட்டும், மற்றவர்கள் டீ குடிக்கட்டும். இன்னொன்று நிலம் சொல்லும் கணக்கு. ஓசூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் அளவில், கிருஷ்ணகிரி 500 சொச்சம். போகும்போது சூளகிரி தாண்டி இறக்கம், அப்போது பேராசை வரும். திரும்பும்போது அத்தனை இரும்போடும் ஏற வேண்டும். பை நிரப்புவதை ஓசூரை நெருங்கும்போது வைத்துக்கொள். ஆறுவழிச் சாலையை விட்டு ராயக்கோட்டை வழியாக வந்தால் லாரிக்குப் பயப்படாமல் கடைப் பக்கம் தலையைத் திருப்பவும் முடியும்.

கணினிக் கட்டளைக்குக் கடையும் எந்திரம் ஓடும் ஊரில் கையால் தேய்க்கும் கருவி எதற்கு என்று உன் முதலாளி சிரிப்பார். அச்சு செய்யும் டூல்ரூமில் கடைசித் தேய்ப்பு இன்னும் கையால்தான் நடக்கிறது, தொழிற்பயிற்சி நிலையத்துப் பிட்டர் பையன் படிப்பைத் தொடங்குவதும் அரம் பிடித்துத்தான். பழசெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்திலும் மட்டமான கருவி மலை மலையாகச் செய்தார்கள். அவை உடைந்து, உருகி, இன்று யார் வீட்டுக் கம்பியாகவோ நிற்கின்றன. தப்பித்து வந்ததுதான் உன் கையில் இருக்கிறது, காலம் இலவசமாகச் சோதித்துக் கொடுத்தது. அதையும் நீ மறுபடி சோதி. வார்ப்பு உடம்பைத் தொங்கவிட்டுத் தட்டு. கணீரென்றால் எடு, சொத்தென்றால் விரிசல். ஸ்பேனர் வாய் விரிந்திருந்தால் விடு. தலை காளான்போல் விரிந்த உளியைச் சாணை பிடிக்காமல் அடித்தால் சில்லு கண்ணுக்குப் பாயும். விட்வொர்த் ஸ்பேனரில் அரை அங்குலம் என்று போட்டிருப்பது போல்ட்டின் தடிமன். வாய் அதைவிட நன்றாகவே அகலம். உன் புது சைக்கிளில் அது எதற்கும் பொருந்தாது, ஆனால் பழைய புல்லட்டுக்கும் லிஸ்டர் வகை டீசல் எஞ்சினுக்கும் அதுதான் மருந்து. துருவைப் பார்த்து மிரளாதே. இங்கே அதற்குப் பாட்டில் பாட்டிலாக அமிலம் விற்கிறார்கள். அத்தையிடம் கொஞ்சம் பழைய புளியும் ஒரு ராத்திரியும் கேள்.

ஒரு ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை, எச்சரிக்கைதான் உண்டு. தொழிற்சாலை நிறைந்த ஊரில் இரும்புக் கடைக்கு வருவதெல்லாம் பரணிலிருந்து வருவதில்லை. கம்பெனி எண் வெட்டிய மைக்ரோமீட்டரோ, எண்ணைத் தேய்த்து அழித்த கேஜோ எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதே. ஷிப்ட் முடிந்து சாப்பாட்டுப் பையில் வெளியே வந்ததாக இருக்கலாம்; பழி ஏதாவது ஒரு ஒப்பந்தத் தொழிலாளி தலையில் விழுந்திருக்கும். எடைச் சீட்டு எழுதிக் கேள். தயங்கும் கடையை விட்டு நகர்ந்துவிடு. அடுத்த கடை சைக்கிளுக்குப் பத்து நிமிடம். அரத்தை மட்டும் பழசில் வாங்காதே, பல் மழுங்கியது மழுங்கியதுதான். அதைப் புதிதாகக் கடையில் வாங்கிக்கொள்.

அத்தைக்குச் சாக்லேட் வருகிறது.

அன்புடன்,
உன் மச்சான்